இரண்டு நல்லது, ஒரு குறை

ஜனவரி 14

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் உன் மாமாவும் நலம். மாமாவின் முழங்கால் மட்டும் எப்போதும்போல் தன் இஷ்டத்துக்கு நடந்துகொள்கிறது. உன் தலைவலி எப்படி இருக்கிறது? கண்ணாடி மாற்றினாயா?

கையில் போனை வைத்துக்கொண்டு இவள் ஏன் தபால் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னதற்குச் சாட்சி கிடையாது என்று இந்த வாரம்தான் கற்றுக்கொண்டேன். இனி நமக்குள் எல்லாம் தாளில்தான். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எங்கேயாவது பிசகியிருந்தால் திருத்து.

மூன்று வருடத்துக்கு முன்னால் எனக்கு முதல் வண்ணப் பெட்டி வாங்கிக் கொடுத்தவன் நீ. 'கோடும் வண்ணமும்' குழுவில் என்னைச் சேர்த்தவனும் நீ. நாலாயிரம் பேர் உள்ள ஆன்லைன் குழு, மூன்று அட்மின்கள், அதில் நீ ஒருவன். பகலெல்லாம் லேப்பில் உட்கார்ந்து ஊரார் வாய்க்குப் பல் செட் செய்கிறவள் நான். சாயங்காலம் ஒரு படம் போட்டால் பத்துப் பேர் நின்று பார்த்துப் பேசினார்கள். அது எனக்குப் பெரிய விஷயம், உனக்கே தெரியும்.

போன வெள்ளிக்கிழமை தலைவர் ஒரு படம் போட்டார். (எல்லோரும் அவரைத் தலைவர் என்றுதான் கூப்பிடுகிறோம். கண்காட்சிக்குப் படம் பொறுக்குகிறவர் அவர்தான் என்பதால் கொஞ்சம் அழுத்தியே கூப்பிடுகிறோம்.) மாடிப்படியில் உட்கார்ந்து ஒரு பெண் கடிதம் படிக்கிறாள். சன்னல் இடது பக்கம். அவள் மூக்கின் நிழல் வலது பக்கம் விழுகிறது, சரி. காலடியில் இருக்கிற வாளியின் நிழல் மட்டும் சன்னலைப் பார்த்து விழுகிறது.

நான் அதைக் கவனிக்கவே இல்லை. கவனித்தவன் நீ. ஆறு மணிக்குப் போன் செய்து, "அக்கா, அந்த வாளியப் பாத்தியா? நிழல் தப்பா விழுது. நான் அட்மின், நான் சொன்னா வம்பாயிடும். நீ ஒரு வரி போட்டுடு, ஒன்னய யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க" என்றாய்.

நானும் ஓர் அச்சில் பிளாஸ்டர் இறுகுகிற பத்து நிமிடத்துக்குள் வெள்ளை விரலோடு தட்டிவிட்டேன். 'வாளியின் நிழல் தப்பான பக்கம் விழுகிறது.' அவ்வளவுதான். ஒரு குறை சொல்வதற்கு முன்னால் இரண்டு நல்லது சொல்ல வேண்டும் என்பது குழுவின் ஏழாவது விதி. அவசரத்தில் மறந்துவிட்டேன். அது என் தப்பு.

அதற்கு முந்நூற்று நாற்பது பதில். பொறாமை என்றார்கள். 'பல்லு கட்றவங்களுக்கு நிழலப் பத்தி என்ன தெரியும்' என்று ஒருவர் எழுத, அதற்கு எண்பது லைக். 'ஆமாம், நிழல் தப்புதான்' என்று முதலில் எழுதிய இரண்டு பேரும் அரைமணி நேரத்தில் அதை அழித்துவிட்டுத் தலைவருக்குக் கும்பிடு போட்டார்கள். கடைசியில் நீ வந்தாய். அப்பாடா என்று நினைத்தேன். 'மரியாதை காக்கவும்' என்று எழுதிவிட்டு என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டாய்.

நான் கேட்பது ஒரே ஒரு வரி. 'அக்காவைச் சொல்லச் சொன்னது நான்தான்' என்று குழுவில் எழுது. வேறு ஒன்றும் வேண்டாம்.

வேளைக்குச் சாப்பிடு.

அன்புடன்,
உன் அக்கா


ஜனவரி 29

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

இங்கே நான் நலம். நீங்கள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கண்ணாடி மாற்றிவிட்டேன், தலைவலி பரவாயில்லை. மாமாவின் முழங்காலுக்கு எண்ணெய் தடவினால் போதாது, எக்ஸ்ரே எடுக்கச் சொல்.

ஆபீசில் பழைய குடிநீர்க் குழாய் வரைபடங்களை எல்லாம் புதிதாக வரைகிறோம். எந்தத் தெருவுக்கு அடியில் எந்தக் குழாய் ஓடுகிறது என்று போட்டவர்களுக்கே தெரியவில்லை. தோண்டிப் பார்த்துவிட்டு வந்து சொல்கிறார்கள், நான் கோடு போடுகிறேன். தலைக்கு மேல் வேலை.

அந்த விஷயம். நீ இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வாய் என்று நான் நினைக்கவில்லை. உன்னை எடுத்தது முப்பது நாளுக்குத்தான். விதி எல்லோருக்கும் ஒன்று. சொந்த அக்கா என்று விட்டுவிட்டால் நாளைக்கு என்னைக் கேட்பார்கள். உண்மையைச் சொன்னால், அன்றைக்கு இருந்த சூட்டில் உன்னை வெளியே எடுத்தது உன் நல்லதுக்குத்தான். உள்ளே இருந்திருந்தால் இன்னும் வாங்கிக் கட்டிக்கொண்டிருப்பாய். தலைவரும் மனம் நொந்துபோயிருக்கிறார். மே மாதம் கண்காட்சி வருகிறது. இந்த நேரத்தில் எதையும் கிளறாமல் கொஞ்சம் ஆறப்போடு.

வேறு விசேஷம் இல்லை. போனை எடுத்தால் பேசலாம்.

அன்புத் தம்பி


பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

நலம். எக்ஸ்ரே எடுத்தாயிற்று. எலும்பு தேய்ந்திருக்கிறதாம். "வயசுக்குத் தகுந்த தேய்மானம்தான்" என்று டாக்டர் சொன்னதில் மாமாவுக்கு முழங்காலைவிட மனசுதான் அதிகம் வலிக்கிறது.

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முழங்கால் இருக்கிறது, குழாய் இருக்கிறது, தலைவரின் மனம் இருக்கிறது. நான் கேட்ட வரி இல்லை. இல்லை என்று மறுக்கவும் இல்லை. அந்த விஷயம் என்று ஒரு துணியைப் போட்டு மூடிவிட்டாய்.

எங்கள் லேப்பில் மெழுகு வேலை பார்க்கிற பெண்ணும் அந்தக் குழுவில் இருக்கிறாள் என்பது உனக்கு மறந்துபோயிருக்கும். நேற்று வேலைக்கு நடுவில் அவள் தன் போனை என் முன்னால் வைத்தாள். குழுவைத் திறந்ததும் எல்லாவற்றுக்கும் மேலே ஒட்டியிருக்கிறது: 'விமர்சனம் எப்படிச் செய்யக் கூடாது – ஓர் உதாரணம்.' அதற்குக் கீழே நான் எழுதிய வரி. பெயரின் மேல் ஒரு கறுப்புப் பட்டை. பக்கத்தில் என் முகப்புப் படம், நான் வரைந்த மஞ்சள் குடை, அப்படியே இருக்கிறது. அந்தக் குடை யாருடையது என்று குழுவில் தெரியாதவர் யார்? ஒட்டியது யார் என்று பார்த்தேன். உன் பெயர்.

"ஒங்க தம்பிதானே அட்மின்? ஒரு வார்த்த சொல்லக் கூடாதா அவரு?" என்றாள் அந்தப் பெண். "அவனுக்கு வேலை ஜாஸ்தி" என்றேன். உனக்காகப் பொய் சொல்கிற பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

மாமா மட்டும் சிரிக்கிறார். "ஊர் வாயை மூடறது ஒன் தொழில்தானே, நாலாயிரம் பல் செட்டு செஞ்சு அனுப்பிடு" என்கிறார்.

அந்த வரியை எழுது, தம்பி.

உன் அக்கா


மார்ச் 1

தம்பிக்கு,

நலம். நலமறிய ஆவல்.

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. தபால் தவறியிருக்கும் என்று பத்து நாள் என்னைச் சமாதானம் செய்துகொண்டேன். முப்பது நாள் முடிந்தும் மூன்று வாரம் ஆகிறது, என்னை யாரும் திரும்பச் சேர்க்கவில்லை.

கண்காட்சிக்காக நான் ஒரு படம் முடித்து வைத்திருப்பது உனக்குத் தெரியும். எங்கள் லேப் அலமாரியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் பிளாஸ்டர் தாடைகள். எட்டு மாதம் வரைந்தேன். குழுவில் இருப்பவர்கள்தான் படம் அனுப்பலாம் என்கிறீர்கள். மார்ச் 31 கடைசித் தேதி.

உடம்புக்கு ஒன்றும் இல்லையே?

அக்கா


மார்ச் 12

அன்புள்ள அக்காவுக்கு,

இரண்டு கடிதமும் வந்தன. நடுவில் ஒரு வாரம் வயிறு சரியில்லாமல் படுத்துவிட்டேன். இப்போது தேவலை. மாமாவை மாடிப்படி ஏற வேண்டாம் என்று சொல்.

உன் பெயரை மறைத்துத்தான் அதை ஒட்டினேன். குடையை நான் கவனிக்கவில்லை.

உன்னைச் சேர்க்க ஒரு வழி செய்திருக்கிறேன். மற்ற இரண்டு அட்மின்களிடமும் பேசிவிட்டேன். ஒரு சின்ன மன்னிப்புக் கடிதம் இருந்தால் போதும் என்கிறார்கள். நீ சிரமப்பட வேண்டாம் என்று நானே எழுதி இதனோடு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போட்டு அனுப்பினால் அன்றைக்கே சேர்த்துவிடுகிறேன். 31ஆம் தேதிக்குள் உன் படமும் போய்விடும். சும்மா ஒரு சம்பிரதாயம், இதில் மான அவமானம் பார்க்காதே. தாடைகள் படம் நன்றாக இருக்கிறது. நிச்சயம் தேறும்.

அன்புத் தம்பி


மார்ச் 19

தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம்.

மன்னிப்புக் கேட்க நான் தயாராகத்தான் இருந்தேன். அந்த இரண்டு நல்லதைச் சொல்லாமல் விட்டவள் நான்தானே. கடிதத்தைப் பிரித்ததும் பேனாவைத் திறந்துவிட்டேன். "என்ன எழுதியிருக்குன்னு படிச்சுட்டுப் போடு" என்று மாமாதான் தடுத்தார்.

'தலைவர் அவர்களின் படத்தைப் பற்றி நான் எழுதியது, யாருடைய தூண்டுதலும் இன்றி, என் அறியாமையால் நானே எழுதியது.'

யாருடைய தூண்டுதலும் இன்றி.

இதை யார் கேட்டார்கள்? தலைவர் கேட்டாரா? மற்ற இரண்டு பேர் கேட்டார்களா? அன்றைக்கு நீ போன் செய்தது உனக்கும் எனக்கும் தவிர யாருக்கும் தெரியாது. கேட்காத கேள்விக்குப் பதில் எழுதி, அதை என் கையெழுத்தால் பூட்டி வைக்கப் பார்த்திருக்கிறாய். நம்ப வைத்துக் கழுத்தறுப்பது என்பார்கள். கத்தியையும் என் கையிலேயே கொடுத்து அறுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறாய்.

சின்ன வயதில் நீ டம்ளரை உடைத்துவிட்டு என் பின்னால் ஒளிந்துகொள்வாய். நானாக முன்னால் வந்து நான்தான் என்பேன். அது ஒரு டம்ளர். நீயும் அப்போது அரை ஆள். எதற்கெல்லாம் என் முதுகு பயன்படும் என்று அன்றைக்கே கணக்குப் போட்டுவிட்டாய் போலிருக்கிறது.

முந்நூற்று நாற்பது பேர் திட்டியபோது நான் அழவில்லை. இதைப் படித்த அன்று அழுதேன். சாப்பிடவும் முடியவில்லை.

அந்தத் தாளைத் திருப்பி அனுப்புகிறேன். அந்த மூன்று சொல்லுக்கு அடியில் மட்டும் கோடு போட்டிருக்கிறேன். தாடைகள் இங்கேயே இருக்கட்டும். அவை பேசாது, யாருக்கும் தொந்தரவு இல்லை.

அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கும் மாமாவுக்கும்,

நலம், நலமறிய ஆவல். இங்கே வெயில் தாங்கவில்லை. மாமாவின் கால் எப்படி இருக்கிறது?

ஒரு சந்தோஷ செய்தி. கண்காட்சிக்கு என் படம் தேறிவிட்டது. மூன்று வருடமாகத் தட்டிப்போனது உனக்குத் தெரியும். நுழைந்ததும் எதிர்ச் சுவரில் அதைத்தான் மாட்டப்போகிறார்கள். தலைவரே சொன்னார்.

யாரை வரைந்திருக்கிறேன் என்று நினைக்கிறாய்? உன்னைத்தான். போன வருடம் உன் லேப்பில் எடுத்தேனே ஒரு புகைப்படம், சன்னல் பக்கத்தில் நீ பல்லின் நிறம் பார்த்துக்கொண்டிருப்பாயே, அதை வைத்து வரைந்தேன். நாலாயிரம் பேர் உன்னைப் பார்க்கப்போகிறார்கள். இதைவிட என்ன மரியாதை நான் செய்ய முடியும், சொல். மே 2, 3 இரண்டு நாளும் நடக்கிறது. மாமாவையும் அழைத்துக்கொண்டு கட்டாயம் வா. பழையதை எல்லாம் நேரில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

அன்புத் தம்பி


மே 5

தம்பிக்கு,

நலம். பஸ்ஸில் வந்துபோனதில் இடுப்பு வலி மட்டும் இருக்கிறது.

ஆமாம், வந்தேன். இரண்டாம் நாள், தனியாக. நீ பார்க்கவில்லை. அப்போது தலைவருக்கு நாற்காலி தேடிக்கொண்டிருந்தாய்.

எதிர்ச் சுவரில் நான் இருந்தேன். பெரிதாக. குழுவில் எழுத எனக்கு அனுமதி இல்லாததால் என் கருத்தை இங்கே எழுதுகிறேன், ஏழாவது விதிப்படி.

முதல் நல்லது. என் இடது கட்டைவிரலில் மெழுகுக் கத்தி பட்ட தழும்பு. அந்தப் புகைப்படத்தில் அது அவ்வளவு தெளிவாக இருக்காது. நினைவிலிருந்து போட்டிருக்கிறாய்.

இரண்டாவது நல்லது. என் ஏப்ரனில் படிந்திருக்கும் பிளாஸ்டர் தூளுக்கு வெள்ளையைத் தொடாமல் சாம்பல் நிறம் கலந்திருக்கிறாய். பழைய தூள் அப்படித்தான் இருக்கும். கூட நின்று பார்த்தவனுக்குத்தான் அது தெரியும். அதைப் பார்த்ததும் எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது.

குறை. மூக்கின் நிழல் வலது பக்கம் விழுகிறது. கையின் நிழல் இடது பக்கம், சன்னலைப் பார்த்து விழுகிறது.

எங்கள் லேப்பில் ஒரே ஒரு சன்னல்தான். பல்லின் நிறம் பார்க்கும்போது குழல் விளக்கை எல்லாம் அணைத்துவிட்டு, அந்த ஒரு வெளிச்சத்தில்தான் பார்ப்போம். இல்லாவிட்டால் நிறம் பொய் சொல்லும். விளக்கை அணைத்தது நீதான், "அக்கா இப்டியே இரு, இந்த வெளிச்சம் அருமையா இருக்கு" என்று சொன்னதும் நீதான். வாளியின் நிழலைக் கண்டுபிடித்த கண் இது. தெரியாமல் செய்திருந்தால் குறை என்று விட்டுவிடுவேன். நீ தெரிந்தே செய்திருக்கிறாய். தலைவரின் தப்பு தப்பே இல்லை என்று சொல்ல என் கையையே எடுத்துக்கொண்டாய்.

படத்துக்குக் கீழே இருந்த அட்டையையும் படித்தேன். உன் பெயர். அடுத்த வரியில் 'ஒரு தொழிலாளி.' பக்கத்தில் நின்ற ஒரு அம்மா என்னையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "இது யாருங்க? தெரிஞ்சவங்களா?" என்று கேட்டார். "தெரியலீங்க" என்றேன்.

அக்கா


மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? மாமா நலமா? உன் இடுப்பு வலி இப்போது எப்படி இருக்கிறது?

உன் கடிதத்தைப் படித்தபின் இரண்டு வாரம் தூரிகையைத் தொட முடியவில்லை. தலைவர் என் படத்தைப் பார்க்க வந்திருந்தபோது, "கைக்கு இந்தப் பக்கமும் ஒரு நிழல் போடுங்க, எடுப்பா இருக்கும்" என்றார். அவர் எதிரில் நின்றுகொண்டிருக்கும்போது மறுத்துப் பேச எனக்கு வாய் வரவில்லை. எனக்கு எப்போதுமே வாய் வராது. உனக்குத் தெரியாததா?

படம் திரும்பி வந்ததும் முதல் வேலையாக அதைத் திருத்திவிட்டேன். இப்போது எல்லா நிழலும் ஒரே பக்கம். அட்டையையும் கிழித்துவிட்டு 'என் அக்கா' என்று எழுதியிருக்கிறேன். படத்தை உனக்கே பார்சலில் அனுப்புகிறேன். உன் வீட்டில் இருப்பதுதான் முறை. குழுவில் ஒட்டியிருக்கிற அந்த உதாரணத்திலும் குடையை மறைத்துவிட்டேன்.

இப்போது எல்லாம் சரிதானே, அக்கா? ஒரு வரி எழுது.

அன்புத் தம்பி


ஜூன் 14

தம்பிக்கு,

இங்கே நலம். மாமா இப்போது கைத்தடியோடு நடக்கிறார். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

படம் உடையாமல் வந்து சேர்ந்தது. நிழல் சரியாக இருக்கிறது. 'என் அக்கா' என்று நீ எழுதியதைத் தேடிப் பிடித்தேன். படத்தின் பின்பக்கம், சட்டத்துக்கு அடியில், பென்சிலில் இருக்கிறது. சுவரில் மாட்டினால் சுவர் மட்டும் படிக்கும்.

நேற்று மெழுகு வேலை பார்க்கிற பெண் மறுபடியும் தன் போனைக் கொண்டுவந்தாள். திருத்திய படத்தை நீ குழுவில் போட்டிருக்கிறாய். இருநூற்றுச் சொச்சம் பாராட்டு. 'நிழலை எவ்வளவு நுட்பமாகக் கவனித்துத் திருத்தியிருக்கிறீர்கள், இந்தக் கண் யாருக்கு வரும்' என்று எழுதியிருக்கிறார்கள். தலைவரே, 'சபாஷ், இதுதான் உழைப்பு' என்று எழுதியிருக்கிறார். ஒவ்வொருவருக்கும் 'நன்றி' என்று பதில் போட்டிருக்கிறாய். இருநூறு தடவை தட்டியிருக்கிறாய். அதற்கு மேலே, கறுப்புப் பட்டையும் மறைத்த குடையுமாக, 'எப்படிச் செய்யக் கூடாது' என்று நான் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறேன்.

நான் கேட்டது ஒரு வரி. நீ அனுப்பியது நாலடிக்கு மூன்றடி படம்.

அதை இதே பார்சலில் திருப்பி அனுப்புகிறேன். இனி அந்த வரியைக் கேட்டு எழுத மாட்டேன். நீயும் சிரமப்பட்டு எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு தொழிலாளி